மெதுவாக வா என்றுதான் கை காட்டினேன்: சாலையில் குதிரையோடு பட்ட அனுபவங்கள்

கோவைச் சவாரி

மூன்று வாரமாகிறது, இன்னும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. ஹார்ன் சத்தத்தைச் சொல்லவில்லை. லாடம் தாரில் வழுக்கும் சத்தம். அரிவாளைச் சாணைக்கல்லில் வைத்ததுபோல் ஒரு கிறீச்சல். கேட்டவர்களுக்குத் தெரியும்.

சிறுவாணி சாலை, காலை ஆறு மணி. எங்கள் தோட்டத்து மண்பாதை முடிந்தால் அடுத்த மண்பாதைக்குத் தார்ச்சாலையில் ஒரு நானூறு மீட்டர் போயாக வேண்டும். பின்னால் டிப்பர் வருவது கேட்டது. வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, மேலும் கீழுமாக அசைத்தேன். மெதுவாக வா என்று பொருள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த அதே சைகை. லாரி வேகத்தைக் கூட்டியது. சரியாக என் பக்கத்துக்கு வந்ததும் ஏர் ஹார்ன்.

என் குதிரை, அவள், இடது பக்கம் தாவினாள். அங்கே சிறுபாலத்தின் தடுப்புச்சுவர். பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றாக வழுக்கி, நாய் உட்காருவதுபோல் அப்படியே தார்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயது, கத்தியவாரி இனக் குதிரை, நானூறு கிலோ உடம்பு. என் முழங்கால் சுவருக்கும் அவள் விலாவுக்கும் நடுவில் இருந்தது.

அதுகூட ஆறிவிடும். லாரி தாண்டிப் போனபோது கிளீனர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்து உயர்த்திக் காட்டினார். வழிவிட்டதற்கு நன்றி சொல்வதுபோல. என் கை அவருக்கு என்ன சொன்னது? இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கெண்ட் வாசி

அக்கா, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் ஒரு முதிய குதிரையில் ஏறுகிறேன். இங்கே 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: குதிரையைத் தாண்டும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 10 மைல் என்றால் நம் கணக்கில் 16 கிலோமீட்டர். நல்லவர்கள் எஞ்சினையே அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்களும் கை உயர்த்தி நன்றி சொல்வோம்.

ஆனால் என்னை உறுத்துவது வண்டி இல்லை, நாய். குதிரைகளுக்கும் நடப்பவர்களுக்கும் பொதுவான பாதை, இரண்டு பக்கமும் முள்வேலி. எதிரே ஒரு லாப்ரடார் அவிழ்த்துவிட்டபடி ஓடி வருகிறது. அதைக் கட்டும் கயிறு உரிமையாளர் கையில் அழகாகச் சுருட்டி இருக்கிறது. "நாயைப் பிடியுங்கள்" என்று கத்துகிறேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "விளையாடத்தான் வருகிறான்" என்கிறார். நாய் குதிரையின் வயிற்றுக்குக் கீழே புகுந்து மறுபக்கம் வந்து மறுபடியும் புகுகிறது. குதிரை ஒரு காலைத் தூக்கி, வைக்க இடமில்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கால் கீழே வந்தால் நாய் செத்திருக்கும். நாயைக் காப்பாற்றியது என் குதிரைதான். அந்த அம்மாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

டிப்பர் ஓட்டி

கோவைச் சகோதரிக்கு. நான் பதினான்கு வருடமாக லாரி ஓட்டுகிறேன். குதிரை வளர்ப்பவன் இல்லை, தங்கை கணவர் வளர்க்கிறார், அவர்தான் இதைப் படிக்கச் சொன்னார்.

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் காட்டிய சைகை புத்தகத்தில் சரி. சாலையில் அதற்கு "போ, போ" என்றுதான் பொருள். மாட்டுவண்டிக்காரர் தொடங்கி டிராக்டர்காரர் வரை வழிவிடும்போது கையை அப்படித்தான் ஆட்டுகிறார்கள். குதிரை குலுங்க உங்கள் கையும் சேர்ந்து குலுங்கியிருக்கும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒரு கை ஆடுவது மட்டும்தான் தெரியும். வழிவிட்டாயிற்று என்று வேகம் எடுத்திருப்பார், தாண்டும்போது பழக்கத்தில் ஹார்ன் அடித்திருப்பார். அந்தக் கிளீனர் பையன் நிஜமாகவே நன்றிதான் சொல்லியிருக்கிறான்.

என் கதையையும் சொல்கிறேன். பழனி, அடிவாரத்துக்குப் போகும் சாலை. முன்னால் ஒரு குதிரை வண்டி. நான் ஹார்னைத் தொடவே இல்லை. மெதுவாக வந்து, தள்ளியே நிறுத்தினேன். ஏர் பிரேக் காற்றை விட்டது, "புஸ்" என்று. அவ்வளவுதான். குதிரை வண்டியோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. வண்டிக்காரர் கீழே குதித்துக் கடிவாளத்தில் தொங்கிக்கொண்டே இருபதடி இழுபட்டார். வண்டியின் பின்பக்கம் ஒரு குழந்தை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை, என்னையே பார்த்துக்கொண்டு போனது. அழவில்லை. வண்டி நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பார்வை ஐந்து வருடமாக என்னோடு வருகிறது. நான் சரியாகத்தான் செய்தேன், அப்படியும் அது நடந்தது.

அதனால் கேட்கிறேன், தார்ச்சாலைக்குக் குதிரையைக் கொண்டுவந்தே ஆக வேண்டுமா?

ஏரிக்கரை மகன்

டிப்பர் அண்ணா, ஆக வேண்டும். ஊட்டியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதுதான் சோறு. சாலையைத் தொடாமல் லாயத்திலிருந்து ஏரிக்குப் போக எங்களுக்கு வழியில்லை. கெண்ட் அக்கா சொன்ன 2 மீட்டரை மே மாதத்தில் ஊட்டிக்கு வந்து அளந்து பார்க்கட்டும். ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் கை நுழையாது.

ஒரு சனிக்கிழமை. அப்பா கயிற்றைப் பிடித்து நடக்கிறார், மேலே ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. நான் அடுத்த குதிரையோடு பின்னால். ஒரு காரின் கூரைத் திறப்பில் இரண்டு பேர் நின்றுகொண்டு, குதிரையைப் பார்த்து விசில் அடித்தார்கள். குதிரை அதற்கு மிரளவில்லை, அதற்கு அந்தக் கூச்சலெல்லாம் பழக்கம். உடனே ஒருவர் குனிந்து காரின் வெளிப்பக்கத்தைப் படபடவென்று தட்டினார், அதன் மூக்குக்கு அருகில். அது முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. குழந்தை வலப்பக்கம் சரிந்தது. அப்பா கயிற்றை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்தார். அதுவரை கயிற்றை விட்டதே இல்லை அவர்.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். குதிரை நாற்பதடி தள்ளிப் போய் நின்றது. அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், அந்தக் குழந்தையின் ஒற்றைக் காலணி மட்டும் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. கால் அதிலிருந்து உருவிக்கொண்டு வராமல் போயிருந்தால்?

குழந்தையின் அப்பா என் அப்பாவைத்தான் திட்டினார். கார் போய்விட்டது. அப்பா அன்று மாலை எல்லா அங்கவடி வார்களையும் எடுத்து, துடைத்து, மறுபடியும் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தியூர்க்காரர்

நாற்பது ஆண்டுகளாகக் குதிரையோடு இருப்பவன். என் அனுபவம் சிறியது. கோபி பக்கம் ஒரு வளர்ப்பு நாய், வீட்டு வாசலில் திறந்த கேட் வழியாக வந்து, என் மார்வாரி இனக் குதிரையின் பின்னங்காலில் குளம்புக்கு மேல் கவ்வியது. குதிரை ஒரே ஒரு உதை விட்டது. நாய் அங்கேயே முடிந்தது. வீட்டுக்காரச் சிறுவன் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மறக்க முடியவில்லை.

இப்போது எல்லோரும் கவனியுங்கள். நாய் கடித்தால் முதலில் சோப்பும் ஓடுகிற தண்ணீரும். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். குதிரைக்கும் வெறிநோய் (ரேபிஸ்) வரும், கால்நடை மருத்துவரிடம் அன்றே தடுப்பூசியைத் தொடங்குங்கள். தசைவிறைப்பு (டெட்டனஸ்) ஊசியையும் மறக்காதீர்கள். வீட்டு விலங்குகளில் அந்த நோய் குதிரையைத் தாக்குவதுபோல் எதையும் தாக்காது. ஒரு சின்ன ஆணிக் காயமே போதும்.

அடுத்தது வண்டி. குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. சத்தம் வருகிறது, உருவம் இல்லை. திடீரென்று ஒற்றைக் கண்ணில் மலைபோல ஒன்று வந்து நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பழக்குவது எப்படி என்பதும் புரியும். டிராக்டரை முன்னால் மெதுவாக ஓட்டச் சொல்லி, குதிரையைப் பின்னால் நடத்துங்கள். தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளைக் கண்டு அது பயப்படாது, துரத்தக்கூடத் தொடங்கும். பத்து நாள் கழித்துப் பக்கத்தில் நடத்துங்கள். அதற்கும் பிறகு டிராக்டர் பின்னால் வரட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே கொள்ளு வையுங்கள். மிரளும்போது இரண்டு கையாலும் லகானை இழுக்காதீர்கள், இழுத்தால் பின்னங்கால் வழுக்கும். கோவைப் பெண்ணுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பிடித்து வட்டமாகத் திருப்புங்கள். விடியற்காலையில் போகிறவர்கள் குதிரையின் கால்களில் ஒளிரும் பட்டை கட்டுங்கள். அசைகிற கால்தான் ஓட்டுநர் கண்ணில் முதலில் படும். தலைக்கவசம் இல்லாமல் ஏறுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. குதிரையின் உடம்பில் முடிச்சுழி பார்த்து லட்சம் லட்சமாகக் கொடுக்கிறீர்கள். ஒரு மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கிளப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வளர்ப்பு நாயை அவிழ்த்துவிடுகிறவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 289, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 291: ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். தெரு நாய்க்குச் சட்டம் பேசிப் பயனில்லை. நீளமான சாட்டை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு போடு போட்டால் அந்தத் தெருவில் மறுபடி வராது.

வாலாட்டி

ஐயா, காயம் கழுவுவது முதல் டிராக்டர் வரை நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். சாட்டையை மட்டும் ஏற்க மாட்டேன். அடிபட்ட நாய் அடித்த ஆளை மறந்தாலும் குதிரையை மறக்காது. அடுத்த முறை கூட்டத்தோடு வரும்.

நான் மதுரையில் எங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவள், குதிரையும் ஏறுகிறவள். வைகைக் கரையோரம் ஒரு கறுப்பு நாய் தினமும் எங்களைத் துரத்தியது. குதிரையைத் திருப்பி அதன் முகத்துக்கு நேராக நிறுத்தி அசையாமல் நின்றேன். ஓடுகிறதைத்தான் நாய் துரத்தும், நிற்கிறதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் மடி கனத்துத் தொங்கியது. பாலத்துக் குழாய்க்குள் ஐந்து குட்டிகள். நாங்கள் தினமும் அதன் வீட்டுக் கூரைமேல் டக்டக்கென்று நடந்துகொண்டிருந்திருக்கிறோம். இரண்டு மாதம் வேறு வழியில் போனேன். குட்டிகள் பிரிந்ததும் மாநகராட்சி ஆட்களை வரவழைத்தேன், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விட்டார்கள். இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

அந்தியூர்க்காரர்

ஒரு நாய்க்குச் சரி, அம்மா. ஏழு நாய் சுற்றி வந்தால் எதற்கு முகம் காட்டுவது? பின்னால் இருப்பது கடிக்கும்.

வாலாட்டி

ஏழு வந்தால் இறங்கிவிடுவேன், ஐயா. மனிதர் தரையில் நின்றால் பாதி நாய்கள் அடங்கிவிடும்.

கெண்ட் வாசி

ஊட்டித் தம்பிக்கு: உங்கள் ஊர்ச் சாலை எனக்குத் தெரியும், கல்லூரி நாட்களில் வந்திருக்கிறேன். 2 மீட்டர் இருந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. இங்கேயும் மீறுகிறார்கள். ஆனால் எழுதி வைத்திருப்பதால், மீறினார் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் கிடைக்கிறது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் ஒரு செயலி வைத்திருக்கிறது. வண்டி, நாய் எதுவானாலும் நடந்ததை அதில் பதிகிறோம். உங்கள் அப்பா அன்று திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாரே, அவருக்குப் பதிய எங்கே இடம் இருந்தது? அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோவைச் சவாரி

எல்லோருக்கும் நன்றி. அந்தியூர் ஐயா, நான் இரண்டு கையாலும்தான் இழுத்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கைகளுக்கு அது நினைவு வந்தது.

டிப்பர் அண்ணா, ஏர் ஹார்னைப் பழக்கம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆவது விதி, காதைக் கிழிக்கும், திடுக்கிடச் செய்யும் ஒலிக்கருவி எதையும் பொருத்தக்கூடாது என்கிறது. குதிரைக்காக எழுதியதில்லை, பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். ஆனால் கை விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை. நேற்று மாலை அந்த இடத்தில் நின்று அரைமணி நேரம் பார்த்தேன். வழிவிடுகிற எல்லோரும் கையை அப்படித்தான் ஆட்டுகிறார்கள்.

அப்படியானால் உங்களைப் போன்றவரை நிறுத்த நான் என்ன காட்ட வேண்டும்?

டிப்பர் ஓட்டி

ஆட்டாதீர்கள். திரும்பி எங்கள் முகத்தைப் பாருங்கள். உள்ளங்கையை எங்களுக்கு நேராகத் தூக்கி அப்படியே வைத்திருங்கள், போலீஸ்காரர் வைப்பதுபோல். முகத்தைப் பார்த்துவிட்டால் எங்களுக்கும் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஆனால் காற்று விடும் சத்தம் வரும், அதற்குக் குதிரையைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஹார்ன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, சகோதரி. வண்டி என்னுடையது இல்லை. முதலாளியிடம் கேட்கிறேன்.

கோவைச் சவாரி

இன்று காலை போனோம். டீசல் எஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டாலே சிறுபாலத்துக்கு முன்னால் தானாக நின்றுவிடுகிறாள். இறங்கி, கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். ஒரு லாரிதான் வந்தது. திரும்பி நின்று உள்ளங்கையைத் தூக்கினேன். மெதுவாகத் தாண்டினார். அவள் காதுகள் இரண்டும் என் பக்கம் இருந்தன, லாரியின் பக்கம் இல்லை. தாரில் லாடம் இழுத்த கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது, ஏறக்குறைய என் உயரத்துக்கு இருக்கிறது.