அசோகச் சக்கர நாணயமா, கடை நாணயமா?

வைகைக்கரை:
மகளுக்கு 12 வயது. அவள் கல்யாணத்துக்கு ஆண்டுக்கு 10 கிராம் சேர்க்க நினைக்கிறோம். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரத்திலேயே பணம் போய்விடுகிறது, அதனால் நாணயம்தான் என்று முடிவு. அரசு அடிக்கும் இந்தியத் தங்க நாணயமா, ஊர் நகைக்கடை நாணயமா? இரண்டையும் வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

பத்திரப்பெட்டி:
யோசிக்கவே வேண்டாம், அரசு நாணயம். 2015 நவம்பரில் அறிமுகமானது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. 24 காரட், 999 தூய்மை, பிஐஎஸ் ஹால்மார்க். 5, 10 கிராமில் நாணயம், 20 கிராமில் கட்டி. பிரித்தால் காட்டிக்கொடுத்துவிடும் உறை. எங்கள் வீட்டுப் பழைய கடை நாணயம் ஒன்றை விற்கப் போனோம். 916, அதாவது 91.6 சதவீதம் தங்கம் என்று வாங்கியது, தூய்மை பார்க்கும் மெஷினில் வைத்தால் 89 சதவீதச் சொச்சம் காட்டியது. அன்று அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை.

உரைகல்:
தம்பி, அம்மாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இன்று ஹால்மார்க் உள்ள கடை நாணயம் தாராளமாகக் கிடைக்கிறது. நான் பட்டறையில் 22 வருடம் இருந்தவன். விற்க வரும் நாணயத்தில் சக்கரம் இருக்கிறதா, லட்சுமி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கத்தரியால் உறையை வெட்டி, தராசில் போட்டு, மெஷினில் வைத்து, கழிவு (விலையில் பிடித்துக்கொள்ளும் பங்கு) சொல்வார்கள். உறைக்கும் அச்சுக்கும் நீங்கள் கொடுத்த கூடுதல் காசும் 3 சதவீத ஜிஎஸ்டியும் போனது போனதுதான். எந்தக் கடையில் நகை செய்யப் போகிறீர்களோ, அந்தக் கடை நாணயத்தையே வாங்குங்கள். பெரும்பாலும் கழிவில்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.

தாமிரபரணி:
வங்கியில் மட்டும் வாங்காதீர்கள். நான் 8 கிராம் வாங்கினேன். பணமுடை வந்தபோது அதே கிளைக்குப் போனால், "விற்பதுதான் எங்கள் வேலை, திரும்ப வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இல்லை மேடம்" என்றார்கள். வாங்கிய அன்று இதை ஒருவரும் சொல்லவில்லை.

பத்திரப்பெட்டி:
அக்கா, வித்தியாசமே அங்கேதான். அரசு நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் எம்எம்டிசி என்ற அரசு வணிக நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. உறை பிரியாமல் ரசீதோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உரைகல்:
அந்த ஏற்பாடு அவர் ஊருக்குப் பக்கத்தில் இன்று நடக்கிறதா? அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும். அப்புறம், "அரசு நாணயம்" என்றதும் செல்லுபடியாகும் காசு என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு முகமதிப்பு, அதாவது சட்டப்படி இத்தனை ரூபாய் என்ற மதிப்பு, கிடையாது. நாம் சொல்லும் சவரன், பவுன் என்ற பேர் எந்த ஆங்கிலேயர் நாணயத்திலிருந்து வந்ததோ, அதற்கு முகமதிப்பு உண்டு, ஒரு பவுண்டு. 7.98 கிராம், 22 காரட். 1918இல் பம்பாயிலேயே அடித்தார்கள். அப்படி ஒன்று பட்டறைக்கு வந்தது, உருக்க மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அது சட்டப்படி செல்லும் காசு என்பதால் பிரிட்டனில் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. நம் நாணயத்துக்கு அந்தச் சலுகை இல்லை, இரண்டு வருடம் தாண்டி விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம்.

பத்திரப்பெட்டி:
கடை நாணயத்துக்கும் அதே வரிதானே, ஐயா! ஆறேழு வருடம் கழித்து அந்தக் கடை இருக்குமா? சீட்டுப் பணத்தோடு கடையைப் பூட்டிப் போனவர்களை நம் ஊர் பார்க்கவில்லையா?

உரைகல்:
சீட்டு வேறு. நாணயம் அவர் பீரோவில் இருக்கும். கடை போனாலும் தங்கம் போகாது.

தாமிரபரணி:
எதை வாங்கினாலும் 20 கிராம் கட்டி வேண்டாம். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் கட்டிக்கு வங்கியில் கடன் கிடையாது. நாணயம் என்றால் 50 கிராம் வரை பார்ப்பார்கள்.

வைகைக்கரை:
நன்றி. 24 காரட் 10 கிராமைக் கொடுத்து 22 காரட் நகை செய்தால் எடை எவ்வளவு வரவேண்டும், அண்ணே?

உரைகல்:
10.9 கிராம், 22 காரட்டில் செம்பு போன்ற வேறு உலோகம் சேர்வதால். கடையில் பத்துக்குப் பத்து என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கணக்கைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.