428 செயின்: செயினை மட்டும் மாற்றினால் போதுமா? முன் ஸ்பிராக்கெட்டை 13 பல்லாக்கலாமா?

மேட்டுவழி:
வண்டி 150 சிசி. முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல், பின்னது 42. செயின் 428 அளவு, 118 லிங்க் (கண்ணி), ஓ-ரிங் (மூட்டுகளில் வரும் ரப்பர் வளையம்) இல்லாதது. செயினை மூடும் முழு கேஸ் கிடையாது, மேலே மட்டும் ஒரு கார்டு. செயினை இழுத்து வைத்தால் 300 கி.மீ.க்குள் மறுபடி தொங்குகிறது. சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் டைட், ஓரிடத்தில் லூஸ். பின் ஸ்பிராக்கெட்டின் பல் பார்வைக்கு நன்றாகவே இருப்பதால் செயினை மட்டும் மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். சரியா? ஓ-ரிங் செயின் இதில் பொருந்துமா? ஏற்றப் பாதையில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது இழுவை போதவில்லை. முன்னால் 13 போட்டால் என்ன ஆகும்?

பதினேழாம்ஸ்பேனர்:
முதலில் அளந்து பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் (லிங்குகளைக் கோக்கும் சிறு கம்பி, pin) இடது விளிம்பிலிருந்து அதையும் சேர்த்து எண்ணி 21ஆவது பின்னின் இடது விளிம்பு வரை அளவெடுங்கள். அது 20 பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையிலான தூரம் ஒரு பிட்ச்). 428-இன் பிட்ச் 12.7 மி.மீ. என்பதால் புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 259-ஐத் தொட்டால் செயின் முடிந்தது. மூன்று நான்கு இடங்களில் அளந்து, பெரிய அளவையே கணக்கில் எடுங்கள்.

செயின் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னாலும் லிங்கின் பக்கத் தகடு (பிளேட்) நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியுள்ள குழலான புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் கால் மி.மீ. தேய்ந்தாலே 118 மூட்டுக்குச் சேர்த்து கிட்டத்தட்ட 30 மி.மீ. ஆகிவிடும். எல்லா மூட்டும் ஒரே அளவில் தேயாது. உங்களுக்கு ஓரிடம் டைட், ஓரிடம் லூஸ் என்று வருவது அதனால்தான். எவ்வளவு இழுத்து வைத்தாலும் அது சரியாகாது.

செயினை மட்டும் மாற்றாதீர்கள். பிட்ச் கூடிப்போன பழைய செயினுக்கு ஏற்றபடியே பல்லும் குழிந்திருக்கும். அதில் 12.7 சரியாக இருக்கும் புதுச் செயினை மாட்டினால், ஆறேழு பல் பங்கிட வேண்டிய இழுவையை ஒன்றிரண்டு பல்லே தாங்கும். புஷ்ஷின் மேல் சுழலும் புது ரோலர் சீக்கிரம் அடிபடும். பின் ஸ்பிராக்கெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு. பின்னதன் ஒரு சுற்றுக்கு முன்னது மூன்று சுற்று சுற்றுகிறது, தேய்மானமும் அங்கேதான் முதலில் தெரியும். கவரைக் கழற்றிப் பாருங்கள்: பல்லின் ஒரு பக்கம் மட்டும் குழிந்து நுனி கொக்கிபோல் சாய்ந்திருந்தால் முடிவு அங்கேயே தெரிந்துவிடும். செயின், இரண்டு ஸ்பிராக்கெட் என மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போது வண்டிப் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல் பழைய உருப்படிகளைக் கையோடு கொண்டுபோங்கள். செயின் எண்ணின் முதல் இலக்கம் பிட்சைச் சொல்கிறது: 4 என்றால் 12.7 மி.மீ., 5 என்றால் 15.875. மற்ற இரண்டும் உள் அகலத்துக்கு. 420-இல் 6.35 மி.மீ., 428-இல் 7.94. எனவே 428 பல்லில் 420 செயின் ஏறாது. 428, 428எச் இரண்டுக்கும் ஸ்பிராக்கெட் ஒன்றே. எச் வகையில் பிளேட் தடிமன் அதிகம். முன் ஸ்பிராக்கெட்டில் பல் எண்ணிக்கை போதாது: உள் ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் பொருந்தும் வரிப்பள்ளங்கள்), பூட்டும் தகட்டின் துளை, ஒரு பக்கம் புடைத்த காலர் உண்டா என்பதையும் ஒத்துப் பாருங்கள். காலர் உள்ளதைத் திருப்பிப் போட்டால் செயின் கோடு பல மி.மீ. விலகிவிடும்.

கியர்விகிதம்:
13 பற்றி நான் சொல்கிறேன். இப்போது 42/14 = 3.00. முன்னால் 13 என்றால் 3.23. சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 7.7 சதவீதம் கூடும். அதே வேகத்தில் இன்ஜின் சுற்றும் அதே அளவு ஏறும். 6000-இல் ஓடிய இடத்தில் இனி 6460. ஏற்றத்தில் நல்லது, சமவெளியில் நீண்ட தூரம் போனால் சத்தமும் பெட்ரோலும் கூடும். வேகமானிக்கு உணரி முன் சக்கரத்தில் இருந்தால் மாற்றமில்லை. கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால் உண்மையில் 60-இல் போகும்போது 64, 65 காட்டும்.

முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம்: 45/14 = 3.21. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். முன் ஸ்பிராக்கெட் சின்னதானால் ஒவ்வொரு லிங்கும் அதிகக் கோணத்தில் மடங்க வேண்டும்: 14-இல் 25.7 பாகை, 13-இல் 27.7. மடங்கல் கூடினால் பின்னும் புஷ்ஷும் கூடுதலாகத் தேயும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் ரப்பர் ஸ்லைடர் மீதும் செயின் இன்னும் நெருங்கி உரசும்.

ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். மொத்தத்தில் இரண்டு பல் கூடினால் செயினில் சுமார் ஒரு பிட்ச் கூட வேண்டும். 14/45-க்கு அதே 118 போட்டால் பின் சக்கர அச்சு (ஆக்சில்) ஏறத்தாழ 10 மி.மீ. முன்னால் வரும். டயர் முன்பக்கம் எதிலும் இடிக்காமல், அட்ஜஸ்டரிலும் இடம் இருந்தால் சரி. இல்லையேல் 120 லிங்க். அப்போது ஆக்சில் இரண்டு, மூன்று மி.மீ. பின்னால் போகும். 119 கிடையாது: உள் லிங்கும் வெளி லிங்கும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். 13/42 என்றால் 118 போதும், ஆக்சில் 3 மி.மீ. பின்னால்.

உருளைச்சங்கிலி:
பின்னால் 45 வைக்கும்முன் மேல் கார்டுக்கு இடைவெளி இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் அதுதான் தடை. இடம் இல்லையென்றால் 13-இலும் குற்றமில்லை, தேய்மானம் சற்று முந்தும், அவ்வளவே.

ஓ-ரிங் செயின் தாராளமாகப் போடலாம், பல் ஒன்றே. ஆனால் அதன் பின்கள் (pin) சில மி.மீ. நீளம், முன் ஸ்பிராக்கெட் கவருக்குள் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். முழு கேஸ் உள்ள வண்டியில் சாதாரணச் செயினே நன்றாக உழைக்கும். உங்களுடையது திறந்தது, தூசியும் மழைநீரும் நேராகப் படும். அதனால் ஓ-ரிங்தான் என் தேர்வு. உள்ளே அடைத்த கிரீஸை அந்த வளையம்தான் காக்கிறது. பெட்ரோலில் கழுவுவது, கம்பி பிரஷ் போடுவது, பிரஷர் தண்ணீர் அடிப்பது மூன்றும் அதைக் கெடுக்கும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். துடைத்துக் காயவிட்டு ஆயில் போடுங்கள்.

மாற்றும் வரிசை முக்கியம். பழைய செயின் வண்டியில் இருக்கும்போதே பின் பிரேக்கை அழுத்தி முன் ஸ்பிராக்கெட் நட்டைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் ஷாஃப்ட் கூடவே சுற்றும். சக்கரத்தைக் கழற்றியதும் அதற்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள கப்ளிங் ரப்பரைப் பாருங்கள். ஸ்பிராக்கெட்டைக் கையால் திருகும்போது கடகடவென ஆடினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயின் ஒவ்வொரு கியரிலும் அடி வாங்கும்.

செயின் லாக் (இரு முனைகளையும் இணைக்கும் லிங்க்) போடும்போது நான்கு ஓ-ரிங்கும் கிரீஸோடு உட்கார வேண்டும். பக்கத் தகட்டை இரண்டு பின்னிலும் சமமாக அழுத்துங்கள், கிளிப் காடி முழுதாகத் தெரியும் வரை. குறைவாக அழுத்தினால் கிளிப் அரைகுறையாக உட்கார்ந்து தெறிக்கும். கூடுதலாக அழுத்தினால் வளையம் நசுங்கி அந்த லிங்க் மடங்காது. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும்: மேல்பக்கத்தில் முன்னோக்கி, கீழ்ப்பக்கத்தில் பின்னோக்கி.

மேட்டுவழி:
அளந்தேன், ஓரிடத்தில் 260. கார்டில் இடமில்லை, எனவே 13/42, 118 ஓ-ரிங். தொய்வு எவ்வளவு வைக்க?

பதினேழாம்ஸ்பேனர்:
உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுதான் முதல். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 25–35 மி.மீ., கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்து. சக்கரத்தைச் சுற்றி மிக டைட்டான இடத்தில் அளங்கள். பிறகு ஒருவர் ஏறி அமர, முன் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் செயின் விறைக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். விறைத்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். ஸ்விங்ஆர்ம் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங்ஆர்ம் போல்ட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்து சமமாக வையுங்கள். முதல் 500 கி.மீ.யில் ஒருமுறை தொய்வைச் சரிபார்த்து, பின் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள்.