ஒரு வருடமாக உள்ளங்காலில் எரிச்சல், எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: அடுத்து எதைச் சோதிப்பது?

வெறுங்கால் (கேள்வி):
வலது காலில் ஒரு வருடத்துக்கும் மேலாக வலி. அடிபடவில்லை, சுளுக்கவும் இல்லை. குதிகாலின் உட்பக்கத்தில் தொடங்கி, உள்ளங்கால் குழிவு வழியாகப் பெருவிரல்வரை எரிகிறது. காலையில் எழுந்து நடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. நின்றுகொண்டே செய்யும் வேலை என்பதால் மதியத்துக்கு மேல் ஏறத் தொடங்கும். இரவில் படுத்த பிறகும் விடாது. போர்வை உரசினாலே சுள்ளென்கிறது. வலது காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு சற்று வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதற்காகச் சிலிகான் பட்டை, கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சி, வலி மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு ஊசி எல்லாம் ஆயிற்று. ஊசிக்குப் பிறகு சில வாரம் அடங்கியிருந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. வெறும் வயிற்றுச் சர்க்கரை, யூரிக் அமிலம், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். மூன்றும் சரியான அளவில். கடைசியாகப் பார்த்த மருத்துவர், "ஒன்றும் இல்லை, இதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். வீக்கமில்லை, சிவப்பில்லை என்பதால் வீட்டிலும் அதே பார்வைதான்.

எந்தத் துறை மருத்துவரிடம் போவது? என்ன சோதனை மிச்சமிருக்கிறது?

படியேறி:
எனக்கும் எலும்பு வளர்ச்சிதான். இரண்டாவது ஊசியில் சரியாகிவிட்டது. ஒன்றோடு விட்டுவிடாதீர்கள், இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பாதசாரி:
நான் பிசியோதெரபிஸ்ட். படியேறி மன்னிக்க வேண்டும், அந்த யோசனையை ஏற்க மாட்டேன். எலும்பு முளை வலியே இல்லாத எத்தனையோ பேருடைய எக்ஸ்ரேயிலும் இருக்கும். படத்தில் அது தெரிந்தவுடன் பழியை அதன் மேல் போட்டுவிட்டு எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், உள்ளங்கால் சவ்வு அறுந்துபோகவும் கூடும்.

வெறுங்கால், உங்கள் வலியின் நேரத்தைப் பாருங்கள். பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்கிற சவ்வு அழற்சியில் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள்தான் உயிரை எடுக்கும். நடக்க நடக்கக் குறையும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. எரிச்சல், துணி பட்டாலே சுள்ளென்பது, படுத்த பிறகும் விடாதது எல்லாம் நரம்பின் பேச்சு. கணுக்காலின் உட்பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து வழியாகத்தான் டிபியல் நரம்பு உள்ளங்காலுக்குள் இறங்குகிறது. அங்கே நெரிபட்டால் அதற்கு டார்சல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது.

யாராவது அந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார்களா? குனிந்தாலோ இருமினாலோ இடுப்பிலிருந்து வலி இறங்குகிறதா? இடது காலில் எதுவும் உண்டா?

வெறுங்கால்:
இடது கால் சுத்தம். இடுப்பில் எதுவும் இல்லை. தட்டிப் பார்த்தார்களா என்று கேட்கிறீர்கள். இதுவரை பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னதே இல்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், சீட்டு எழுதுவார்கள், அவ்வளவுதான்.

இரவுப்பணி:
ஒரே காலில் என்றால் பாதசாரி சொல்வதுதான் முதலில். ஆனாலும் ரத்தத்தில் சில விட்டுப்போயிருக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள். கூடவே வைட்டமின் பி12, தைராய்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ, வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு. சர்க்கரையாலோ பி12 குறைவாலோ வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு காலிலும் காலுறை போட்ட மாதிரி ஏறும், ஆனால் ஏற்கெனவே தளர்ந்த நரம்பு சந்தில் நெரிபட்டால் வேதனை கூடத்தான் செய்யும்.

எனக்கு, நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை நார்மல் என்று வந்து, இரண்டு வருடம் அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கும். எரிச்சலைச் சுமப்பவை மெல்லிய இழைகள். அவற்றுக்குத் தோலில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டியிருந்தது.

பாதசாரி:
சரியாகச் சொன்னீர்கள். டார்சல் டனலிலும் அந்தச் சோதனை நார்மலாக வருவது உண்டு.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடப்பது, கண் அடிக்கடி சிவந்து வலிப்பது, தோலில் சொரியாசிஸ் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மூட்டுவாத மருத்துவரிடமும் (ருமட்டாலஜிஸ்ட்) காட்டுங்கள். ஈ.எஸ்.ஆர். நார்மல் என்பதால் அந்த வகை மூட்டுவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடை இடுக்கில் மரத்து சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பாதம் திடீரென்று வெளிறிச் சில்லிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இப்போதைக்குப் பாதம், கணுக்கால் மட்டும் பார்க்கும் எலும்பு மருத்துவரைத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் நரம்பியல் மருத்துவர். மாலை நேரம் கேட்டு வாங்குங்கள்; காலையில் போனால் உங்கள் கால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். எரிகிற இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு போங்கள். "கால் வலிக்கிறது" என்பதைவிட அந்தக் கோடு அதிகம் சொல்லும்.

படியேறி:
என் வலி காலையில்தான் வரும். நேரத்துக்கும் வலிக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்கும் என்று தெரியாது. என் யோசனையை விட்டுவிடுங்கள்.

வெறுங்கால்:
போய் வந்தேன். வேலை முடிந்த கையோடு, நீலப் பேனாக் கோட்டோடு. கோட்டைப் பார்த்ததும் மருத்துவர் செருப்பை மட்டுமல்ல, இரண்டு காலையும் முழங்கால்வரை திறக்கச் சொன்னார். நிற்கவைத்துப் பின்னாலிருந்து பார்த்தார். வலது குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, உள்வளைவு தரையில் படிகிறதாம். பிறகு கணுக்காலின் உட்புறத்தில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். ஓர் இடத்தில் ஷாக் அடித்தது போலப் பெருவிரல்வரை ஓடியது. என்னை அறியாமல் காலை இழுத்துக்கொண்டேன். "அதே இடம்தானா?" என்று கேட்டார். கோட்டுக்குள்ளேதான் ஓடியது.

நரம்புக் கடத்தல் சோதனை நார்மல். அவரும் இரவுப்பணி சொன்னதையே சொன்னார். ஹெச்பிஏ1சி, தைராய்டு சரி; பி12 குறைவு, மாத்திரை தொடங்கியிருக்கிறேன். உள்வளைவைத் தாங்கும் பட்டை கொடுத்திருக்கிறார். அடுத்து எம்.ஆர்.ஐ. அறுவை சிகிச்சை என்ற பேச்சும் லேசாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

பாதசாரி:
அறுவையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நீர்க்கட்டியோ புடைத்த ரத்தக்குழாயோ சந்தில் உட்கார்ந்து அழுத்துவது படத்தில் தெரிந்தால், அதை எடுப்பதில் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். எதுவும் தெரியாமல் வெறுமனே சந்தைத் திறந்துவிடுவதில் அந்த உறுதி இல்லை. அப்படி வந்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். ஸ்கேன் சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

வெறுங்கால்:
நல்லவேளை சொன்னீர்கள். "வலது குதிகால்" என்றுதான் இருந்தது. திரும்பப் போய் "வலது கணுக்கால், டார்சல் டனல் சந்தேகம்" என்று மாற்றி எழுதி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஸ்கேன்.