புதுப்பிப்பு: பிபிசி சம்பளச் சண்டையும் நடுநிலையும்

ஆண் செய்தி ஆசிரியர்களுக்கு நிகரான சம்பளம் இல்லை என்று 2018 ஜனவரியில் பிபிசியின் சீனாவுக்கான செய்தி ஆசிரியர் பதவியைத் துறந்த கேரி கிரேசி பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அவரை ஆதரித்துப் பேசிய தொகுப்பாளர்கள், நடுநிலை கெடும் என்பதால் அந்தச் செய்தியைத் தொடக்கூடாது என்று பிபிசி சொன்னதே, அது நியாயமா என்று பலரும் கேட்டீர்கள்.

பாதி நியாயம். ஆனால் அதிகச் சம்பளம் வாங்கிய ஆண்களும் அதே விவகாரத்தில் ஒரு தரப்புதானே? வாய் திறந்தவருக்கு மட்டும் சார்பு முத்திரை. (செய்தி வெடித்த காலை பிபிசி வானொலியின் டுடே செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்தவர்களில் கிரேசியும் ஒருவர். கூத்துதான்.)

அப்புறம் நடந்தது: அதே ஆண்டு ஜூனில் பிபிசி கிரேசியிடம் மன்னிப்புக் கேட்டு சம்பள நிலுவையைக் கொடுத்தது. முழுத்தொகையையும் அவர் ஃபாசெட் சொசைட்டி என்ற பெண்ணுரிமை அமைப்புக்கு நன்கொடையாகத் தந்துவிட்டார்.

பிபிசியின் இன்னொரு தொகுப்பாளர் சமீரா அகமது சம சம்பள வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பாயத்தில் வென்றார். நேயர் கருத்து நிகழ்ச்சியான நியூஸ்வாட்ச் தொகுக்க அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு. அதே மாதிரி நிகழ்ச்சியான பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ தொகுத்த ஜெரமி வைனுக்கு 3,000. பாயிண்ட்ஸ் ஆஃப் வியூவுக்குக் கண்ணில் குறும்பு வேண்டுமாம், அதனால் அது வேறு வேலையாம், இது பிபிசியின் வாதம்! கண்ணை உருட்டச் சொல்லி ஸ்கிரிப்டில் இருந்தால் வைன் உருட்டினார், அதற்குத் தனித்திறமை எதற்கு என்ற தொனியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளியது. பெரிய சம்பளத்துக்குப் பாலினம் காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிபிசியுடையது. அதை அவர்களால் செய்ய முடியவில்லை.