கையெழுத்தோடு நின்றுபோகும் முதியோர் கல்வி

கேள்வி: திண்ணைவாசி
1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எங்கள் தெருக்கோடித் திண்ணையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எழுதப் படித்தவர் என் அம்மா. சைக்கிள் ஓட்டவும் அந்த நாட்களில்தான் பழகினார். சென்ற மாதம் வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தில் தம் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்றதை நிரப்ப என்னை அழைத்தார். பேருந்தின் ஊர்ப்பலகையைக்கூட இப்போது எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். ஊரே திரண்டு நடத்திய அந்த வகுப்புகள் ஏன் நிலைக்கவில்லை? அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய தொண்டர்
அக்காலத்தில் வேறொரு மாவட்டத்தில் ஊதியமின்றி இரண்டாண்டுகள் வகுப்பெடுத்தேன். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களைக் குறிவைத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மாவட்டம் முழுவதையும் எழுத்தறிவு பெறச் செய்வதையே இலக்காகக் கொண்டிருந்தது. அந்த வேகம்தான் கலைப்பயணங்களையும், எங்களைப் போன்ற இளைஞர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று பாடநூல்கள் முடிந்து, மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்ற அறிவிப்பும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. என்னோடு பாடம் எடுத்தவர்களில் சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். பெண்கள் திருமணமாகி வேறு ஊர் சென்றார்கள். அதன்பின், கற்றதை மறக்காமல் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையம் வருவதற்குள், தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எழுத்து மறக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் மையத்துக்கென்று வந்த புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

மறுமொழி: முன்னாள் ஊக்குநர்
மேலே உள்ளவர் முதல் அலையைச் சொன்னார். நான் அடுத்த அலையில் வேலை பார்த்தவள். 2009 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய கற்கும் பாரதம் என்ற முதியோர் எழுத்தறிவுத் திட்டத்தில், மையத்தை நடத்த ஓர் ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர்கள். எங்களுக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். எங்கள் பகுதியில் அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றபோது, சாக்பீஸையும் விளக்குக்கு மண்ணெண்ணெயையும் கைக்காசில் வாங்கியிருக்கிறேன். 2018 மார்ச் 31-உடன் திட்டம் முடிந்தது. எந்தத் தெருவில் யாருக்கு எந்த எழுத்து தகராறு, யாருக்கு மாமியார் விடமாட்டார், யார் இரவு எட்டரைக்குப் பிறகுதான் வருவார் என்பதெல்லாம் எங்கள் மனத்தில்தான் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் ஊதியமில்லாத தன்னார்வலர்களையே நம்பியிருக்கிறது. முதியோருக்குப் பாடம் சொல்வதைச் சேவை என்று மட்டுமே கருதி, அதை ஒரு வேலையாக மதித்துச் சம்பளம் தராத வரை, இந்த மையங்கள் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி: நடவுக்காரர் மகள்
கற்பவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் பெண்கள் உடல் ஓய்ந்து வீடு திரும்பி, உலை வைத்து, எல்லோருக்கும் சோறு போட்ட பிறகுதான் உட்காரவே முடியும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழைக்காலம் வரை ஊரில் இருப்பதில்லை. வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் ஓர் அத்தை புத்தகத்தைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு ‘எனக்கு மண்டையில ஏறலம்மா’ என்று மூடிவிடுவார். நான்கைந்து மாதங்கள் அவரை மந்தமென்றே நினைத்திருந்தோம். ஊரில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாமில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அன்றிரவு வந்து ரேஷன் அட்டையில் தம் கணவர் பெயரை விரல் வைத்து வாசித்தார். நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பாடம் நடத்தும் திட்டத்தில் கண்ணாடிக்கும் இடமிருக்க வேண்டாமா?

திண்ணைவாசி
அனைவருக்கும் நன்றி. கடைசி மறுமொழியைப் படித்த பிறகுதான், அம்மா வங்கியில் படிவத்தை எவ்வளவு தள்ளிப் பிடித்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. இதுவரை கண்ணைச் சோதித்ததே இல்லை. இந்த வாரமே அழைத்துப் போகிறேன். திருவிழாக் கடைகளில் விற்கும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் இப்போது எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.