மறு: கனியுப்புக் குறைவும் உணவுக்கால்வாய்ப் புற்றுநோயும் – ஒரு சொல் வேண்டும்

அன்பான குழுமத்தாருக்கு,

துத்தநாகம், இரும்பு போன்ற கனியுப்புகள் (தாதுச் சத்துகள்) உடம்பில் குறைவதற்கும் உணவுக்கால்வாயில் வரும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு சொல் வேண்டும் என்று தாதியர் கையேட்டை மொழிபெயர்க்கும் தங்கச்சி கேட்டிருந்தார். அதற்கு வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் வாசித்தேன். 'கனியுப்புக் குறைபாட்டுப் புற்றுநோய்' என்பதற்குத்தான் ஆதரவு கூட. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணத்தில் பிழை பிடிக்க வரவில்லை. அந்தச் சொல் மருத்துவத்தைப் பிழையாகச் சொல்கிறது.

'குறைபாட்டு நோய்' என்ற தொடர் எங்கள் பள்ளிப் புத்தகங்களில் நன்றாக ஊறிவிட்டது. அயடீன் குறைந்தால் கழலை, விற்றமின் சீ குறைந்தால் ஸ்கேவி, இரும்பு குறைந்தால் குருதிச்சோகை. குறைந்ததைக் கொடுத்தால் நோய் தீரும், அல்லது வராது. 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியதும் இந்தக் கணக்கில்தான். புற்றுநோயையும் அதே அச்சில் வார்த்தால், வாசிக்கிறவர் நேரே பாமசிக்குப் போய்க் குளிசை (மாத்திரை) கேட்பார். அவரில் பிழை சொல்ல முடியாது.

பேச்சு எந்த மூலகத்தைப் பற்றியது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் பாடநூல்களில் அது 'நாகம்', தமிழ்நாட்டில் 'துத்தநாகம்'. கையேட்டில் 'நாகக் குறைபாடு' என்று தலைப்புப் போட்டால் எங்கள் ஆச்சிமார் பாம்புத் தோஷம் என்று நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிடுவார்கள். துத்தநாகம் என்றே போகட்டும்.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்று ஒரு மாவட்டம். களப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் ஒன்று. (இந்தியத் தமிழ் நண்பர்களுக்கு: களம் என்று நாங்கள் சொல்வது உணவுக்குழாயை, சூடடிக்கிற களத்தை அல்ல.) அங்கே 1985இல் சிலரின் களத்திலிருந்து எடுத்து வைத்த இழையத் துண்டுகளில் துத்தநாகம் எவ்வளவு இருந்தது என்று பின்னாளில் எக்ஸ்-கதிர் முறையில் அளந்தார்கள். முடிவு 2005இல் வெளிவந்தது. இழையத்தில் துத்தநாகம் ஆகக் கூடிய கால்பங்கினருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஆகக் குறைந்த கால்பங்கினருக்கு இருந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். சிறிய ஆய்வு: நோய் வந்தவர்கள் 60 பேர், ஒப்பிட 72 பேர்.

சரி, அப்படியானால் துத்தநாகம் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அதையும் அங்கேயே செய்து பார்த்தார்கள். 1986 முதல் 1991 வரை ஏறக்குறைய 29,600 பேருக்கு விற்றமின்களையும் கனியுப்புகளையும் பல சேர்க்கைகளாகக் கொடுத்தார்கள். துத்தநாகமும் ரெட்டினோலும் (விற்றமின் ஏ) சேர்ந்த குளிசை களப் புற்றுநோயைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. பீட்டா கரோட்டின், விற்றமின் ஈ, செலீனியம் மூன்றும் சேர்ந்ததுதான் புற்றுநோய் இறப்பை 13 வீதமும், இரைப்பைப் புற்றுநோய் இறப்பை 21 வீதமும் குறைத்தது. அதிலும் மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கழலைக்கு அயடீன் மாதிரியான உறவு இது அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எலிகளில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் லூயிஸ் ஃபொங்கும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனைகளில், துத்தநாகம் குறைந்த தீனி தின்ற எலிகளின் களத்து உள்தோல் கலங்கள் (செல்கள்) ஓய்வில்லாமல் பிரிந்து தடித்தன, அழற்சியும் கூடியது. அந்த எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் நைத்திரோசமீன் வகை நஞ்சைக் கொஞ்சமாகக் கொடுத்தாலே கட்டிகள் வந்தன. துத்தநாகம் போதிய அளவு தின்றவை அதே நஞ்சைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. துத்தநாகத்தைத் திரும்பக் கொடுத்தபோது, மிதமிஞ்சிப் பெருகிய கலங்கள் சில மணித்தியாலங்களிலேயே தம்மைத் தாமே அழிக்கத் தொடங்கின. கலப்பிரிவை அடக்கிவைக்கும் பீ53 புரதம் டீஎன்ஏயைப் பற்றும் இடத்தில் ஒரு துத்தநாக அயன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரதத்தின் வடிவமே குலையும். ஆக, அங்கே கட்டியை வரவைத்தது நஞ்சு. குறைவு செய்தது வேறு வேலை. அந்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இரும்பிலும் இதே போக்கு. நெடுங்கால இரும்புக் குறைவோடு களத்தின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து, விழுங்கக் கடினமாகும் நிலைக்குப் பிளம்மர்–வின்சன் கூட்டறிகுறி என்று பெயர். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களிடம் வரும். அவர்களில் சிலருக்குப் பின்னர் அந்த இடத்தருகே புற்றுநோய் தோன்றுகிறது. அதற்காக இரும்பு கூடக் கூட நல்லது என்று நினைக்கவும் முடியாது. சிவப்பிறைச்சியிலுள்ள ஹீம் இரும்பின் மீது பெருங்குடற் புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கிறது. கல்சியத்துக்கு ஒரு வரி போதும்: பெருங்குடலில் பித்த அமிலங்களைக் கட்டிப்போடுவதால் அது காப்பளிக்கக்கூடும் என்கிறார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை.

யாழ்ப்பாணத்துக் கவலை வேறு பக்கம். எங்கள் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிய கிணறுகள் பல. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரமும் மலக்குழிக் கசிவும் காரணம். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வாயிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்று ஆக்கும். இரைப்பையில் அது நைத்திரோசோ சேர்வையாக மாறலாம், அந்த எலிகளுக்குக் கொடுத்த நஞ்சின் குடும்பம். அதோடு வெற்றிலை பாக்குப் புகையிலை, சுருட்டு, சாராயம், நாக்குப் பொசுங்குகிற சூட்டில் தேத்தண்ணி. (65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2016இல் 2ஏ பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில், சேர்த்தது. எங்கள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.) இவையெல்லாம் வந்து குந்தப் பார்க்கிறவை. கனியுப்புக் குறைவு அவற்றுக்கு இடம் கொடுக்கிறது.

எனவே என் முன்மொழிவு: இடங்கொடுகுறை.

'இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பதில் வருகிற அதே இடங்கொடுத்தல். வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் போல நடுவில் வல்லினம் மிகாது. தயவுசெய்து ஒற்றுப் போட்டு 'இடங்கொடுக்குறை' ஆக்கிவிடாதீர்கள். துத்தநாக இடங்கொடுகுறை, இரும்பு இடங்கொடுகுறை என்று அடை சேர்ப்பதும் எளிது.

பேராதனை நண்பர் தந்த 'ஏதுக்குறை' சுருக்கமானது, ஆனால் ஏது என்றாலே காரணம். பழைய சிக்கலுக்கே திரும்பிவிடுவோம். 'முன்சாய்வுக் குறைபாடு' தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கிலம். 'மறைபசி' நல்ல சொல்தான். அதை நுண்போசணைக் குறைவு முழுவதற்கும் வைத்துக்கொள்வோம். உடம்பிலுள்ள ஏறக்குறைய 2 கிராம் துத்தநாகத்தில் குருதிநீரில் ஓடுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். குருதிப் பரிசோதனையில் குறைவு தெரியாமலே போகலாம். 'மறை' அங்கே பொருந்தும்.

செலீனியத்தின் பெயரில் நிலா இருப்பதால் அதை 'மதிமம்' ஆக்கச் சொன்ன அன்பருக்கு: அழகு, ஆனால் வேண்டாம். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். பொருளின் பெயர் எந்த ஊர்ப் பெயராகவும் இருக்கலாம். பொருளுக்கும் நோய்க்கும் உள்ள உறவைச் சொல்கிற சொல்தான் தமிழாக இருக்க வேண்டும்.

– கோண்டாவிலிலிருந்து

*

கோவையிலிருந்து:

ஐயா, வணக்கம். சொல் அருமை, ஆனால் எனக்கு ஒரு தயக்கம். நான் புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்த அம்மாவிடம் போய் 'இடங்கொடுகுறை' என்றால், "நான் இடம் கொடுத்ததால்தான் வந்ததா?" என்று கேட்பார். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளைத் திட்டும்போதுதான் 'இடம் கொடுக்காதே' என்பார்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பழியா? 'காப்புக்குறை' என்றால் என்ன?

*

கோவை அம்மாவுக்கு,

நீங்கள் சொல்வது கையேட்டுக்கு மிகவும் பொருந்தும். இலக்கணப்படி சுடுசோற்றில் சுடுவது சோறு. இங்கே இடம் கொடுப்பது குறை, ஆள் இல்லை. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இலக்கணம் சொல்ல முடியுமா? 'காப்புக்குறை' என்றால் எங்கள் ஊரில் கைக்காப்புத் தொலைந்த கதை ஆகிவிடும். அதோடு, காப்புக் குறைந்தால் காப்பை வாங்கிப் போடலாம் என்ற எண்ணமும் வரும், திரும்பவும் குளிசை. துத்தநாகம் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி நெடுநாள் எடுத்தால் உடம்பு செம்பை உறிஞ்சுவது குறையும் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஆகவே தங்கச்சி, சொல்லை ஆசிரியர் பகுதிக்கும் கலைச்சொற் பட்டியலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளருக்கான பக்கத்தில் பெயர்ச்சொல்லே வேண்டாம். "சில சத்துகள் நெடுநாள் குறைந்தால் களத்தின் உள்தோல் புகையிலை, மது போன்றவற்றைத் தாங்கும் சக்தியை இழக்கலாம்" என்று வாக்கியமாகவே எழுதுங்கள். அதன்கீழ் சாப்பாட்டைச் சொல்லலாம். தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைத்தேற்று என்ற சேர்வை துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அது குறையும். தோசைக்கு மா புளிக்கவைப்பதைப் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒடியற்கூழில் போடும் நண்டில் துத்தநாகம் நிறைய உண்டு என்று எழுதினால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

பட்டியலுக்கு இப்படி:

இடங்கொடுகுறை – தானே நோயை உண்டாக்காமல், வேறொரு காரணி நோயை உண்டாக்குவதை எளிதாக்கும் சத்துக் குறைவு. குறைந்ததை ஈடுசெய்வதால் மட்டும் நோய் தடுக்கப்படும் என்று பொருளாகாது.

இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். இடமில்லாவிட்டால் முதலாவதைச் சுருக்குங்கள். சாப்பாட்டில் உள்ள சத்தில் உடம்புக்கு உண்மையாகக் கிடைக்கும் பங்கு என்பதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. யாராவது புது இழை தொடங்குங்கள்.