பிரேக் தூசிக்கு செராமிக் பேட்: மலை இறக்கத்துக்குச் சரிவருமா?

#1 பன்னீர்திராட்சை
கம்பத்துல இருந்து வாரம் ரெண்டு தடவை குமுளி, வண்டிப்பெரியாறு ஏறி இறங்குற வண்டி. பெட்ரோல் செடான், ஆளோட சேர்த்து 1,200 கிலோ. முன்னால டிஸ்க், பின்னால டிரம். கழுவின நாலாம் நாளே முன் அலாய் வீல் ரெண்டும் கரி பூசின மாதிரி ஆகுது, இடது பக்கம் கூடுதல். கடையில மூணு பொருள் சொல்றாங்க: செராமிக் பேட், துளை போட்ட டிஸ்க், டிஸ்குக்கும் வீலுக்கும் நடுவுல மாட்டுற தூசித் தகடு. தூசியும் குறையணும், பிரேக்கும் இன்னும் நல்லா பிடிக்கணும். எதை வாங்குறது?

#2 சாரல்24
செராமிக் பேட் மட்டும் வாங்குங்க அண்ணாச்சி, மத்த ரெண்டும் வேண்டாம். காரணம் சொல்லுதேன். இரும்புத் தூள் கலந்த பேட் டிஸ்கை அரைச்சுத்தான் பிடிக்கும். வீல்ல ஒட்டுத கருப்புல பேட் பாதி, டிஸ்க்ல இருந்து வந்த வார்ப்பிரும்புத் துகள் பாதி. சூட்டோட போய் அலாய் மேல இருக்க கிளியர்கோட்ல (மேல்பூச்சுல) குத்தி உக்காந்து, அங்கனயே துருப்பிடிக்கும். அதான் தேய்ச்சாலும் போக மாட்டேங்கு. செராமிக் பேட் டிஸ்க் மேல தன்னோட படலம் ஒண்ணைப் பூசிட்டு, அந்தப் படலத்தோட ஒட்டிப் பிடிக்கும். டிஸ்க் தேய்மானம் குறைவு, வர்ற தூசியும் வெளிர் நிறம்.

#3 ரெண்டாம்_கியர்
வீல் வெளுப்பா இருக்கணும்னா #2 சொன்னது சரி. ஆனா கேட்டவர் "இன்னும் நல்லா பிடிக்கணும்"னும் சேர்த்துக் கேட்டிருக்கார். அதுக்குக் கணக்கு வேற.

100 கி.மீ. வேகத்துல இருந்து 1,200 கிலோ வண்டியை ஒரு தடவை நிறுத்தினா டிஸ்கும் டிரம்மும் விழுங்குற சக்தி சுமார் 0.46 மெகாஜூல். அதே வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினா கிட்டத்தட்ட 11.8 மெகாஜூல். காத்தும் டயரும் இன்ஜினும் வாங்கிக்கிறது போக மிச்சம் முழுக்க பிரேக் தலையில. அதாவது போடிமெட்டு மாதிரி 17 கொண்டை ஊசி வளைவை நியூட்ரல்ல இறங்குறவர், 100-ல இருந்து கிட்டத்தட்ட இருபது தடவை அடிச்சு நிறுத்துற சூட்டை ஒரே மூச்சுல ஏத்துறார். பேட்டுக்குள்ள எந்த மாவு கலந்திருக்குங்கிறது இதுல ரெண்டாம் பட்சம். ஏறின கியர்லயே இறங்கணும்.

நடைமுறையில நிறுத்தும் தூரத்தை முடிவு செய்யறது டயர். உலர்ந்த ரோட்டுல அமுக்கினா ஏபிஎஸ் (வீல் பூட்டாம தடுக்கிற அமைப்பு) துடிக்குதுன்னா பேட்டுக்கு வேண்டிய பிடி ஏற்கனவே இருக்கு. விலை கூடின பேட் போட்டு ஒரு மீட்டர் கூடக் குறையாது.

#4 சாரல்24
கியரை யாரு வேண்டாம்னா? முதல்ல அமுக்கும்போது கிடைக்கிற பிடியும், பத்தாவது தடவை அமுக்கும்போது கிடைக்கிற பிடியும் ஒண்ணு இல்ல வே. பேட்டை ஒட்ட வைக்கிற பிசின் சூட்டுல ஆவியாகி, டிஸ்குக்கும் பேட்டுக்கும் இடையில வாயுவா நிக்கும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிக்காது. நல்ல பேட்டுல இது தள்ளிப்போகும்.

இன்னொண்ணு: இரும்பு கலந்த பேட் சூட்டைக் கடத்தும். பேட்டைத் தள்ளுற பிஸ்டன் வழியா பிரேக் ஆயிலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். செராமிக் கடத்தாது. மலைக்கு அது லாபமா நஷ்டமா?

#5 ரெண்டாம்_கியர்
பாதி லாபம். ஆயிலுக்குப் போகாத சூடு எங்கே போகும்? டிஸ்க்லயே நிக்கும். முன் டிஸ்க் ஒண்ணு 5 கிலோன்னு வச்சுக்குங்க. 100-ல இருந்து ஒரு தடவை நிறுத்தினா, முன்பக்கம் 70 சதவீத வேலை செய்யுதுன்னா, ரெண்டு டிஸ்கும் 65 டிகிரி ஏறும். ஆறுறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். காத்து போக நடுவுல இடைவெளி விட்ட டிஸ்க் இல்லாம ஒற்றைத் தகடு டிஸ்க் இருக்கிற சின்ன வண்டியில செராமிக் போட்டு மலை இறங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

துளை போட்ட டிஸ்க் இதைவிட மோசம். சூட்டை வாங்கிக்கிற இரும்பையே எடுத்துட்டுத் துளை போட்டிருக்காங்க. விலை குறைஞ்சதுல துளை ஓரத்துல இருந்து விரிசல் ஓடும். கோடு வெட்டின டிஸ்க் பேட்டைச் சுரண்டும், தூசி இன்னும் கூடும். தூசித் தகட்டைப் பத்தி ஒரே வரி: வீல் வழியா வெளியேற வேண்டிய சூட்டை மூடி போட்டு அடைக்கிற தகடு. கம்பம் பள்ளத்தாக்குல மட்டும் ஓடுற வண்டிக்குக் கூட வேண்டாம்.

#6 குமுளி_பட்டறை
ரெண்டு பேரும் பேட்டையே பேசுறீங்க. கேட்டவர் "இடது பக்கம் கூடுதல்"னு முதல் பத்தியிலயே எழுதியிருக்கார், யாரும் கண்டுக்கல. ஒரு பக்கம் மட்டும் கருத்தா அது பேட் ரகம் இல்ல தம்பி, அந்தப் பக்க காலிப்பர் (பேட்டை வச்சு டிஸ்கைக் கவ்வுற பாகம்) விடலைன்னு அர்த்தம். புது பேட் போட்டாலும் அப்படியேதான் தேயும்.

20 கி.மீ. ஓட்டிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாம வந்து நிறுத்துங்க. வீல் நடுவுல, நட்டு பக்கத்துல கையை வச்சுப் பாருங்க. டிஸ்கைத் தொட்டுடாதீங்க, தோல் ஒட்டிக்கும். இடது மட்டும் கொதிச்சா ஜாக்கி போட்டுக் கழட்டுங்க.

உள் பேட், வெளி பேட் ரெண்டையும் அளங்க. உள் பேட் 2 மி.மீ.க்கு மேல கூடுதலா தேஞ்சிருந்தா பிஸ்டன் திரும்பலை, இல்ல காலிப்பர் நகர்றதுக்கு உள்ள ஸ்லைடு பின் இறுகியிருக்கு. பேட் ஒரு முனையில தேஞ்சு சரிவா இருந்தா ஒரு பின் மட்டும் இறுகியிருக்கு. பின்னை உருவித் துடைச்சு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்க. வீல் பேரிங்குக்குப் போடுற மஞ்சள் கிரீஸ் வச்சா ரப்பர் உப்பிப்போய் ரெண்டு மாசத்துல மறுபடி இறுகும். பெரும்பாலான வண்டியில நடக்கிறது இதுதான்.

பேட் 3 மி.மீ.க்குக் கீழ வந்தா மாத்துங்க. டிஸ்க் ஓரத்துல குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ இருந்தா கடைசல் போடவும் கூடாது. தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய பேட்ல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும்.

#7 பன்னீர்திராட்சை
ண்ணே, காலிப்பரைப் பார்க்கச் சொல்லிடறேன். ஆனா பேட் எப்படியும் 4 மி.மீ.ல நிக்குது, மாத்தத்தான் போறேன். டப்பா மேல இருக்கிற எதைப் பார்த்து வாங்குறது?

#8 சாரல்24
பேட் முதுகுல ரெண்டு எழுத்து சேர்ந்து வரும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உள்ள உராய்வு, ரெண்டாவது நல்லா சூடானப்புறம். E-ன்னா 0.25-ல இருந்து 0.35, F-ன்னா 0.35-ல இருந்து 0.45, G-ன்னா 0.45-ல இருந்து 0.55. மலைக்கு FF. FE-ன்னு இருந்தா சூட்டுல இறங்குதுன்னு அர்த்தம், எடுக்காதீங்க. GG பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். பின்னால டிரம் அப்படியே இருக்கையில முன்னால மட்டும் பிடியை ஏத்தினா முன் டயர் சீக்கிரம் பூட்டும்.

ரேஸ் பேட்னு சொல்லி விக்கிறது சூடான பிறகுதான் பிடிக்கும். காலையில சாரல்ல ஆரியங்காவு இறக்கத்துல முதல் வளைவுக்கு அது உதவாது. தூசியும் இருக்கிறதுலயே அதிகம்.

#9 ரெண்டாம்_கியர்
எழுத்து விஷயத்துல #8-ஓட முழுக்க ஒத்துப்போறேன். ஆனா அந்த எழுத்து உராய்வை மட்டும்தான் சொல்லும். தூசி, சத்தம், டிஸ்க் தேய்மானம் எதையும் சொல்லாது. "செராமிக்"னு டப்பாவுல அச்சடிச்சிருந்தா உள்ள இருக்கிறது செராமிக்தான்னும் உத்தரவாதம் கிடையாது. வண்டிக் கம்பெனி பேட்டோ, அந்தக் கம்பெனிக்கு பேட் செஞ்சு கொடுக்கிறவங்களோட சொந்தப் பெயர் டப்பாவோ வாங்குங்க. ஐரோப்பிய வண்டின்னா கம்பெனி பேட்டே இரும்பு கொஞ்சம் கலந்த ரகம், தூசி கூடுதலா வரும்; அதை ஒரு குறையா நினைச்சு மாத்தாதீங்க, அந்த ஊர் வேகத்துக்காகச் செஞ்சது அது.

பேட்டுக்கு வச்ச பணத்துல ஒரு பங்கை பிரேக் ஆயிலுக்கு ஒதுக்குங்க. டாட் 4 ரக ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கும், ஈரம் 3.7 சதவீதம் ஏறினா 155 ஆகலாம். டாட் 3-ன்னா 205-ல இருந்து 140-க்கு. நம்ம பக்கத்து மழைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும், ஒரு லிட்டர் தாராளம். சிலிகான் ஆயிலான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது; 5.1 வேற, அது கலக்கும்.

ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். #4-ல சொன்ன கல்லு பெடல் வேற நோய், இது வேற நோய். இறங்கி முடிச்சு லோயர் கேம்ப்ல நிறுத்தி டீ குடிக்கிற அஞ்சு நிமிஷத்துல கூடக் கொதிக்கலாம். காத்து நின்னதும் டிஸ்க் சூடு காலிப்பருக்கு ஏறும்.

#10 சார்ஜ்_ஃபுல்
இடையில ஒரு வார்த்தை. மின்சாரக் கார்ல வண்டி ஓடும்போதே மோட்டார் இழுத்துப் பிடிக்கும், தூசி குறைவு. ஆனா மலை மேல 100 சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு இறங்கினா பேட்டரியில இடம் இருக்காது, அந்த இழுவை குறைஞ்சு முழு வேலையும் டிஸ்குக்கு வந்துடும். 80-ல நிறுத்திட்டு இறங்குங்க. பிரேக்கே தொடாம ஓட்டினா டிஸ்க் துருப்பிடிக்கும், அதுவும் பிரச்சனைதான்.

#11 குமுளி_பட்டறை
துருன்னதும் ஞாபகம் வருது. ஆனி, ஆடியில வீல்ல செங்கல் நிறத்துல வர்றது பேட் தூசி இல்ல, ராத்திரி ஈரத்துல டிஸ்க் மேல பூத்த துரு. முதல் நாலு பிரேக்ல போயிடும், அதுக்கு பேட் மாத்தினா காசுதான் வீண்.

பேட் மாத்துறப்ப பிஸ்டனை உள்ள தள்ளினா மேல டப்பாவுல ஆயில் பொங்கும், முதல்லயே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க. பெயிண்ட்ல பட்டா பெயிண்ட் உரிஞ்சுடும். போல்ட் முறுக்கு உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது, கை அளவு வேண்டாம். மாட்டினதும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரை அமுக்குங்க. மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்து சுவத்துல மோதினவங்க நிறைய.

#12 சாரல்24
புது பேட்டைப் பழக்கப்படுத்துறதையும் சேர்த்துக்குங்க அண்ணாச்சி. 60-ல இருந்து 15-க்கு, முழுசா நிறுத்தாம, பத்துத் தடவை. இடையில அரை நிமிஷம் ஓட விடணும். பிறகு பிரேக் தொடாம பத்து நிமிஷம் ஆற விடணும். செராமிக்ல இதைச் செய்யலைன்னா படலம் திட்டுத் திட்டா ஒட்டி ஸ்டியரிங் உதறும். "டிஸ்க் வளைஞ்சுட்டு"ன்னு கடையில சொல்லுதது பல தடவை இதுதான்.

#13 ரெண்டாம்_கியர்
அதே காரணத்துக்காக, இறங்கி வந்து கொதிக்கிற டிஸ்கோட செக்போஸ்ட்ல நிக்கும்போது பெடலை அமுக்கிப் பிடிச்சுட்டே நிக்காதீங்க. ஒரே இடத்துல பேட் அச்சு விழும். சமதளமா இருந்தா இன்ஜினை அணைச்சு, கியர்ல போட்டுக் காலை எடுங்க.

செராமிக் வேணுமா வேண்டாமாங்கிறதுல நான் இன்னும் #2 பக்கம் வரலை. காத்து இடைவெளி உள்ள டிஸ்க், FF பேட், புது டாட் 4 மூணும் இருந்தா போடட்டும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் கருப்பு வீலோட ஓட்டுறது மேல்.

#14 சாரல்24
அப்படின்னா பாதி வந்துட்டீங்க வே!

#15 பன்னீர்திராட்சை
இடது காலிப்பரைக் கழட்டிப் பார்த்தாச்சு. கீழ் பின் கையால அசையலை, உள் பேட் 4, வெளி பேட் 7 மி.மீ. டிஸ்க்ல இடைவெளி இருக்கு. பின்னும் ரப்பரும் மாத்தி, ஆயில் மாத்தி, கம்பெனி பேட்டே போட்டு ஒரு மாசம் பார்க்கிறேன். அப்பவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கருத்தா செராமிக்.

#16 குமுளி_பட்டறை
பின் டிரம்மையும் திறந்து ஷூ (டிரம்முக்குள்ள பேட் மாதிரி பிடிக்கிறது) இடைவெளி சரி பண்ணச் சொல்லுங்க தம்பி. அது தளர்ந்திருந்தா பின்னால செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்து முன்னாலதான் கருக்கும்.